துடைப்பம் சாத்தாத வீடு

ஹெல்யு வீட்டு வாசலில் துடைப்பம் சாத்தி ஒன்பது வருடம் ஆகிவிட்டிருந்தது. எங்கள் பக்கம் கதவுக்குப் பூட்டுப் போடுகிறவர்கள் குறைவு. வெளியே கிளம்பினால் துடைப்பத்தைக் கதவுக்குக் குறுக்கே சாய்த்துவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்ததும் வந்தவர் வந்த வழியே திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஹெல்யு தபால் பையோடு காலையில் சைக்கிள் ஏறும்போதும் சரி, புருஷன் எல்மர் மரம் வெட்டக் காட்டுக்குப் போயிருக்கும்போதும் சரி, அவர்கள் வீட்டுத் துடைப்பம் அடுப்புக்குப் பின்னால்தான் கிடக்கும். அங்கே போய்க் குரல் கொடுத்துப் பார்த்து, பதில் வராமல் அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர்.

பக்கத்துப் பண்ணை வில்மா ஒருமுறை அங்கேயே தூங்கிப் போய்விட்டாள். ஹெல்யு வேலை முடிந்து வந்தபோதுதான் கண் விழித்தாள்.

"ஏண்டி, வீட்ல ஆள் இருக்கா இல்லையான்னு வாசலப் பார்த்தாத் தெரிய வேணாமா? துடைப்பத்த எடுத்துச் சாத்தக் கை வலிக்குதா உனக்கு?"

"வர்றவங்க உள்ள வந்து உட்காரட்டும்னுதான், வில்மாக்கா."

"நல்லா உட்கார்ந்தேன். உன் பூனை என் மடியிலயே குடித்தனம் பண்ணிடுச்சு. எந்திரிக்க விட்டாத்தானே!"

அதற்கு மேல் வில்மா கேட்கவில்லை. அவளுக்குக் காரணம் தெரியும், ஊருக்கே தெரியும். மகன் ரைகோ வரும் நேரத்தில் வாசலில் துடைப்பம் இருந்தால், வீட்டில் யாரும் இல்லை என்று திரும்பிப் போய்விடுவான் என்ற பயம் ஹெல்யுவுக்கு. ரைகோ செத்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

ஹெல்யுவுக்கு வேலை பழைய தபால் சாலையில். குதிரை வண்டித் தபாலுக்காக யாரோ ஒரு ரஷ்ய மகாராணி காலத்தில் போட்ட சாலை அது. அதற்குப் பிறகு எத்தனையோ கொடிகள் ஏறி இறங்கிவிட்டன, தார் மட்டும் வரவில்லை. பத்தொன்பது கிலோமீட்டரும் சரளைதான். பாதி தூரம் பைன் காடு, மீதி தூரம் இரண்டு பக்கமும் சதுப்பு. தபால் ஆபீஸில் கார் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டாள். அந்தச் சாலையில் எங்கே பள்ளம், எங்கே தகரம்போல வரி வரியாகத் தூக்கிப் போடும், மழைக்குப் பிறகு எந்தத் தடத்தில் சக்கரத்தை விட வேண்டும் என்பதெல்லாம் அவள் கால்களுக்குத் தெரியும். கிரேடர் வண்டி வந்து சாலையைச் சமன் செய்துவிட்டுப் போன மறுநாள்தான் அவள் வாயில் கெட்ட வார்த்தை வரும். புதுச் சரளையில் சக்கரம் நிலைகொள்ளாது.

அவள் ஓட்டியது ரைகோவின் சைக்கிள். ஃபின்லாந்துக்குக் கிளம்பிய அன்று அவனே கொடுத்தது. "நான் வர்ற வரைக்கும் ஓட்டு. கியர நோண்டி வச்சுடாதே" என்றான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது.

அவனுக்குப் போகவே விருப்பமில்லை. இதை நான் சொல்வதில் தப்பில்லை, ஹெல்யுவே ஊரில் எல்லோரிடமும் சொன்னதுதான். அப்பாவோடு காட்டில் மரம் வெட்டிக்கொண்டு இருந்துவிடுகிறேன் என்றான் அவன். இவள் விடவில்லை. கடல் தாண்டிப் போகாத பையன் இந்த ஊரில் யார் இருக்கிறான், உன் வயசுக்காரன் எல்லாம் ஹெல்சிங்கியில் கட்டட வேலை செய்து அப்பன் வீட்டுக்குப் புதுக் கூரை போடுகிறான், நீ மட்டும் சதுப்பில் தவளை பிடித்துக்கொண்டு உட்காரப் போகிறாயா என்று ஒரு குளிர்காலம் முழுக்க நச்சரித்தாள். ஃபின்லாந்துக்குப் போனான். கோபம் அவனுக்கு. இரண்டு கிறிஸ்துமஸுக்கு வரவில்லை, கோடை நெருப்புத் திருநாளுக்கும் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். "வெள்ளிக்கிழமை கப்பல் ஏறுறேன்மா. ரொட்டி சூப் வை. திராட்சை நிறையப் போடு, கஞ்சத்தனம் பண்ணாதே." புதன்கிழமை சாரப்பலகை சறுக்கி நான்காவது மாடியிலிருந்து விழுந்தான்.

சொன்னபடி வெள்ளிக்கிழமைக் கப்பலில்தான் வந்தான், பெட்டியில். துறைமுகத்திலிருந்து வந்த வண்டி, வீட்டுப் பாதை பிரிகிற முனையில் இன்ஜினை நிறுத்தாமல் நின்றது. திரும்பும் கப்பலுக்கு நேரமாகிவிடும் என்றார் ஓட்டுநர். முனையிலிருந்து வீடு இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ஊர் ஜனம் அங்கேயே சேர்ந்துகொண்டது. வண்டி வீட்டுப் பக்கம் திரும்பாமல் தபால் சாலையில் நேரே கல்லறைக்குப் போயிற்று.

வழியில் சிலுவைப் பைன்கள் நிற்கிற வளைவு வரும். எங்கள் ஜனம் செத்தவரைக் கொண்டுபோகும்போது அங்கே நிற்காமல் போவதில்லை. நெருங்கிய ஆண் ஒருவர் மரத்தில் பட்டையைச் சீவி ஒரு சிலுவை வெட்டுவார். செத்தவர் வீட்டு நினைப்பில் கல்லறையிலிருந்து எழுந்து நடந்தால், அந்தச் சிலுவையைப் பார்த்ததும் தான் செத்தவன் என்று ஞாபகம் வந்து திரும்பிவிடுவார். அவருக்கும் நிம்மதி, வீட்டுக்கும் நிம்மதி. ரைகோவின் ஞானத்தந்தை கோடரியோடு இறங்கினார். ஹெல்யு அவருக்கு முன்னால் ஓடிப்போய் மரத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"அவன் இன்னும் வீட்டுக்கே வரல. வராத பிள்ளைக்கு வழிய அடைக்க வந்தீங்களா? வெட்டுறதுன்னா என்னை வெட்டிட்டு வெட்டுங்க!"

எல்மர்தான் வந்து ஞானத்தந்தை கையிலிருந்து கோடரியை வாங்கித் தன் லாரியில் போட்டார். "வேணாம், போகலாம்" என்றார். லாரிப் பின்கதவைக் கட்டிவிட்டு வருகிறேன், நீங்கள் முன்னால் போங்கள் என்றார். கல்லறைக்கு அவர் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தார். பிறகு ஹெல்யு அந்தக் கறுப்புக் கோட்டைத் துவைத்தபோது கைப்பட்டையில் பைன் பிசின் ஒட்டியிருந்தது. எத்தனை தேய்த்தும் போகவில்லை. மர வேலை செய்கிறவர் கோட்டில் பிசின் இருப்பது அதிசயமா என்று விட்டுவிட்டாள்.

அன்று தொடங்கி ஒன்பது வருடம், வேலை நாள் தவறாமல் அந்த வளைவில் இரண்டு முறை மணி அடித்துவிட்டுத்தான் போவாள். அம்மா போகிறேன், வீடு திறந்துதான் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும் அல்லவா! எல்மரோ அந்தச் சாலைப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. கடைக்குப் போக வேண்டும் என்றால்கூடத் தார்ச்சாலையில் ஊரைச் சுற்றிக்கொண்டு போவார். கேட்டால் லாரிக்கு ஸ்பிரிங் போய்விடும் என்பார்.

"உன் வண்டிக்கு ஸ்பிரிங்கு என்ன, கண்ணாடியில செஞ்சதா எல்மர்?" என்று வில்மா கடையில் எல்லோர் முன்னாலும் கேட்பாள். எல்மர் சிரித்துவைப்பார்.

போன அக்டோபரில், வியாழக்கிழமை, பேய்க்காற்று. கொக்குகள் எல்லாம் குளிருக்குப் பயந்து தெற்கே போய்விட்டிருந்தன. சதுப்பு முழுக்கத் துருப்பிடித்த நிறத்தில் கிடந்தது. வளைவில் மணி அடிப்பதற்காக ஹெல்யு ஒரு கையை எடுத்த நேரம், காற்று பையின் மூடியைத் தூக்கியது. ஒரு செய்தித்தாள் பறந்து மரங்களுக்குப் பின்னால் போயிற்று. வில்மாவின் பேப்பர். அது போகாவிட்டால் நாளைக்கு முழுக்க அவள் வாயில் விழ வேண்டும். ஹெல்யு திட்டிக்கொண்டே சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பள்ளத்தில் இறங்கினாள். பாசியில் கால் கணுக்கால் வரை போயிற்று. பேப்பர், அன்று அவள் முதுகை ஒட்டி நின்ற மரத்தின் அடியில் கிடந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தாள்.

சாலையிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கம். சதுப்பைப் பார்த்த பக்கம். நெஞ்சு உயரத்தில், ஒரு முழ நீளத்துக்கு, நெடுக்காக ஒரு வெட்டு. பழைய வெட்டு, இரண்டு ஓரமும் பட்டை உருண்டு மூடப் பார்த்திருந்தது. கீழே பிசின் வழிந்து கெட்டியாகியிருந்தது. வெட்டின் அடியில் ஒரு சின்னக் கொக்கி. எல்மரின் கத்திக்கு முனை உடைந்திருக்கும். ரொட்டி அறுத்தாலும், மரக்கரண்டி செதுக்கினாலும், இழுத்து முடிக்கிற இடத்தில் அந்தக் கொக்கி விழும். முப்பத்தைந்து வருடமாக அவள் அந்தக் கொக்கியைச் சாப்பாட்டு மேஜையில் பார்க்கிறாள்.

குறுக்குக் கோடு இல்லை. மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தேடினாள், இல்லை.

மீதித் தபாலை எப்படிக் கொடுத்தாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை. இரண்டு வீட்டுக் கடிதங்கள் பெட்டி மாறிப் போயிருந்தன. அவள் வேலையில் அதுதான் முதல் தப்பு. வீட்டுக்கு வந்தபோது எல்மர் கொட்டகைச் சுவரோரம் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் சைக்கிளை நிறுத்தவில்லை, அப்படியே கீழே போட்டாள்.

"கோட்டுல பிசின் எங்கேருந்து வந்துச்சு?"

எந்தக் கோட்டு, எந்தப் பிசின் என்று அவர் கேட்கவில்லை. கையிலிருந்த கட்டையை அடுக்கில் வைத்தார். பிறகு அடுக்கின் மேலேயே உட்கார்ந்தார்.

"பார்த்துட்டியா?"

"ஒன்பது வருஷம் எல்மர்! ஒன்பது வருஷம் நான் இங்க கதவத் தொறந்து வச்சேன். நீ அங்க பாதிக் கதவச் சாத்திட்டு வந்து என்கூட உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கே. சோறு இறங்குச்சா உனக்கு?"

"இறங்கல."

"பொய் சொல்லாத. ரெண்டு தட்டு சாப்பிடுவே."

"சாப்பிட்டேன். இறங்கல" என்றார் எல்மர். "எங்கப்பாவுக்கு நான்தான் வெட்டினேன். எங்கம்மாவுக்கும் நான்தான். ரெண்டு பேரும் நிம்மதியாப் போய்ச் சேர்ந்தாங்க. புள்ள மட்டும் அலையணுமான்னு தோணுச்சு. அதான் உன்ன முன்னால அனுப்பிட்டுக் கத்திய எடுத்தேன். நெடுக்க ஒரு கோடு போட்டுட்டேன். குறுக்க போடப் போறப்ப உன் குரல் காதுல கேட்டுச்சு, இன்னும் வீட்டுக்கே வரலன்னு சொன்னியே, அது. கை அப்படியே நின்னு போச்சு ஹெல்யு."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்றது? பாதி வெட்டுனா என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? இந்த ஊர்ல எவனாவது பாதியில விட்டிருக்கானா? பாதிரியார்கிட்டக் கேட்டா சிரிப்பார்." அவர் பக்கத்துக் கட்டையின் பட்டையை நகத்தால் உரித்தார். "வரவும் விடாம, போகவும் விடாம, புள்ளைய அந்த வளைவுலயே நிக்க வச்சுட்டேனோன்னு... அதான் அந்தப் பக்கம் போறதில்ல. ஸ்பிரிங்கு எல்லாம் சும்மா."

ஹெல்யுவுக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. ஒரு கட்டையைக் கையில் எடுக்கவும் எடுத்தாள். அப்போதுதான் அந்த மணிச் சத்தம் அவள் நினைவுக்கு வந்தது. தினமும் இரண்டு முறை. பிள்ளை வளைவில் நிற்கிறான். அவனுடைய சைக்கிள், அவனுடைய மணி, அவனுடைய அம்மா. மணி அடித்து வீடு திறந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறாள். அவனால் ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை. அந்தப் படம் மனதில் வந்ததும் கட்டை கையிலிருந்து விழுந்தது. விறகடுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, பிள்ளை செத்த அன்று அழாத அழுகையை எல்லாம் அழுதாள். எல்மர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோளைத் தொட வந்த அவர் கையை அவள் தட்டிவிட்டாள். அவர் மறுபடியும் வைத்தார். இரண்டாம் தடவை அவள் தட்டிவிடவில்லை.

"சனிக்கிழமை ஒரு நாள் பார்ப்போம்" என்றாள் கடைசியில். "கூப்பிடுற விதமாக் கூப்பிட்டுப் பார்ப்போம். வந்தா வரட்டும். வரலன்னா ஞாயித்துக்கிழமை நானே முடிச்சுடுறேன்."

சனிக்கிழமை மதியமே சானாவுக்கு, அதுதான் எங்கள் நீராவிக் குளியலறை, நெருப்பு மூட்டினாள். குளிக்கும்போது உடம்பில் தட்டிக்கொள்ள பிர்ச் இலைக்கொத்து மூன்று நனைய வைத்தாள். துண்டு மூன்று. பழைய கருப்பு ரொட்டியை ஊறவைத்து, கடைந்து, சூப் வைத்தாள். திராட்சை ஒரு பொட்டலம் முழுக்கக் கொட்டினாள். இருவரும் சானாவின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார்கள். நீராவிக்காகச் சூடான கல்லின் மேல் தண்ணீர் ஊற்றும்போது எல்மர், "சூடு போதுமா?" என்று கேட்டார். அவளிடமா, மேல்படியின் மூலையைப் பார்த்தா என்று ஹெல்யுவுக்குத் தெரியவில்லை. ரைகோ எப்போதும் அந்த மூலையில்தான் உட்காருவான்.

குளித்து முடித்து, அவனுக்கான வெந்நீரையும் துண்டையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தார்கள். மேஜையில் மூன்று கிண்ணம். கதவை அகலத் திறந்து வைத்தாள். குளிர் உள்ளே வந்தது, பூனை உள்ளே வந்தது, நாலைந்து மஞ்சள் இலை உள்ளே வந்தது. வெளிச்சம் போகும்வரை உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது கிண்ணத்தில் சூப்பின் மேல் விட்ட க்ரீம் கரைந்து தண்ணீராகிவிட்டது.

"வரலியே எல்மர்" என்றாள்.

"நான் விடலியே" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்மர் லாரிச் சாவியை எடுத்தார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். கொட்டகையில் அவளுடைய பழைய சைக்கிள் துருவேறிக் கிடந்தது. அதற்கு எண்ணெய் விட்டு, காற்றடித்து, அவர் ஏறினார். அறுபத்து மூன்று வயதில் சரளையில் சைக்கிள் மிதிப்பது விளையாட்டா? வீட்டுப் பாதை முடிந்து தபால் சாலை ஏறிய இடத்திலேயே இரண்டு முறை சறுக்கினார்.

"நடுவுல ஓட்டு. ஓரத்துல எல்லாம் புதுச் சரளை" என்று ஹெல்யு முன்னாலிருந்து கத்தினாள். "பிரேக்க அப்படிப் பிடிக்காத மனுஷா, பல்லு போயிடும்!"

ஒன்பது வருடத்தில் அவர்கள் சேர்ந்து போன முதல் பயணம் அது. சங்கிலியின் கிறீச்சும் சரளை நொறுங்கும் சத்தமும்தான் வளைவு வரை கூட வந்தன.

மரத்தடியில் எல்மர் கத்தியை எடுத்தார். பழைய வெட்டின் நடுவில் முனையை வைத்தார். இழுக்க முடியவில்லை. நெற்றியை மரத்தில் முட்டிக்கொண்டு நின்றார்.

"இங்க கொடு" என்றாள் ஹெல்யு.

"பொம்பளைங்க வெட்டுற வழக்கம் இல்லையேம்மா."

"அவன வீட்ட விட்டு அனுப்புனது எந்த ஆம்பளை? நான்தானே அனுப்புனேன்? போக மாட்டேன் போக மாட்டேன்னவன நான்தானே அனுப்புனேன்? இதையும் நானே செய்றேன். கொடு."

கத்தியை அவர் கொடுத்தார். அவள் முதலில் அந்தப் பழைய வெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பள்ளிக்கூடம் போகும்போது காலர் பட்டனைப் போட்டுவிடுகிற மாதிரி மெதுவாகத் தடவினாள்.

"ரைகோ, சூப்புல திராட்சை நிறையப் போட்டேன்டா. கஞ்சத்தனம் பண்ணல" என்றாள். "அம்மா தப்புதான். உன்னை அனுப்பியிருக்கக் கூடாது. இவ்வளவு நாள் நிக்க வச்சதும் தப்பு. கால் வலிக்கும். போய்ப் படுத்துக்கோ கண்ணு. இனிமே வராதே."

மரம் கடினமாக இருந்தது. ஒரே இழுப்பில் வரவில்லை. தோள் வலிக்க வலிக்க, இடமிருந்து வலமாக மூன்று முறை இழுத்தாள். சாம்பல் நிறத்துப் பழைய வெட்டின் மேல் புதுக் கோடு வெள்ளையாகத் தெரிந்தது. முடிகிற இடத்தில் அதே சின்னக் கொக்கி விழுந்தது. எல்மர் பையிலிருந்து வோட்கா பாட்டிலை எடுத்து, வழக்கப்படி பிள்ளையின் பங்காகப் பாசியில் கொஞ்சம் ஊற்றினார். ஆளுக்கொரு துண்டு கருப்பு ரொட்டியை நின்றபடியே தின்றார்கள்.

திங்கட்கிழமை எல்மர் அவளுக்கு முன்பே காட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். ஹெல்யு பையை மாட்டினாள். வாசல் வரை போனாள், திரும்பி வந்தாள். அடுப்புக்குப் பின்னாலிருந்து துடைப்பத்தை எடுத்தாள். அதில் சிலந்தி வலை கட்டியிருந்தது. தட்டிவிட்டு, கதவைச் சாத்தி, அதைக் குறுக்கே சாய்த்துவைத்தாள். வளைவு வந்தபோது விரல் தானாக மணிக்குப் போயிற்று. விரலை எடுத்துக் கைப்பிடியில் வைத்து அழுத்திக்கொண்டு மிதித்தாள்.

மதியம் வில்மா தன் தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு சட்டி நிறையச் சதுப்பில் பறித்த கிரான்பெர்ரிப் பழம்.

"உனக்குக் கொடுக்கத்தான் காலைல உன் வீட்டுக்குப் போனேன். பார்த்தா, துடைப்பம் சாத்தியிருந்துச்சு" என்றாள் வில்மா. அவள் குரலில் வழக்கமான கேலி இல்லை. "அப்படியே திரும்பி வந்துட்டேன்டி."

ஹெல்யு பேப்பரை அவள் கையில் கொடுத்தாள். சட்டியை வாங்கிச் சைக்கிள் கூடையில் வைத்தாள்.

"ஆமாக்கா, வீட்ல யாரும் இல்ல" என்றாள்.